சரியும் பாறை, பறக்கும் கல், படியும் தூசி

2013 ஏப்ரல் 10, இரவு ஒன்பதரை மணி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்காம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் ஒரு பக்கச் சுவர் அப்படியே பெயர்ந்து குழிக்குள் இறங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு சரிவு. இரண்டும் சேர்ந்து சுமார் 14.5 கோடி டன் பாறையையும் மண்ணையும் அடியில் கொட்டின. ராட்சத லாரிகளும் மண்வாரி இயந்திரங்களும் புதைந்துபோயின. சுற்றுவட்டார நிலநடுக்கக் கருவிகளில் அந்த அதிர்வு பதிவானது. ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை. யாருக்கும் காயமும் இல்லை.

அந்தச் சுவர் நகரத் தொடங்கியிருப்பது இரண்டு மாதத்துக்கு முன்பே, பிப்ரவரியிலேயே நிர்வாகத்துக்குத் தெரியும். சுவருக்கு எதிரே நிறுத்திய ராடார் கருவிகள் அது எவ்வளவு நகர்கிறது என்று இரவும் பகலும் அளந்துகொண்டிருந்தன. சாலைகளையும் கட்டடங்களையும் முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். நகரும் வேகம் கூடியதும் அன்று பகலிலேயே ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். இரவில் விழுந்த பாறைக்கு அடியில் யாரும் இல்லை.

2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் நடந்தது வேறு. சுமார் 300 அடி ஆழமான கல்குவாரியின் அடியில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மேலிருந்து பாறை சரிந்தது. ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். மீட்பு வேலைக்கு நடுவிலும் கல் சரிந்தபடி இருந்ததால், அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினர்கூட அடிமேல் அடி வைத்துத்தான் இறங்க முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2025 மே 20 அன்று, சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேரின் உயிர் போனது.

அமெரிக்கச் சுரங்கத்திடம் பணம் இருந்தது, ராடார் இருந்தது, நம் குவாரிகளிடம் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பிங்காம் கேன்யனில் உயிர்களைக் காத்தவை இரண்டு. சுவர் எவ்வளவு நகர்கிறது என்று ஒருவர் அளந்தார். அந்த அளவைப் பார்த்து வேலையை நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தது. முதல் வேலையை ஒரு சின்னக் குவாரியில் இரண்டு முளையும் ஒரு டேப்பும் ஓரளவு செய்துவிடும். இரண்டாவதற்குக் கருவியே வேண்டாம். நம் குவாரிகளில் கிடைக்காமல் இருப்பதும் அதுதான்.

படி விட்டு வெட்டுவது

சுவர் நகர்வதை அளப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கருங்கல் போன்ற கெட்டிப் பாறை எப்போதும் நாள்கணக்கில் எச்சரித்துவிட்டு விழுவதில்லை. உள்ளே சாய்வாக ஓடும் ஒரு பிளவின் வழியே, சில நொடியில் வழுக்கி இறங்கிவிடும். அப்படி விழும் கல்லைத் தடுத்து நிறுத்துபவை படிகள். மேலிருந்து உருண்டு வருவது அடுத்த படியிலேயே தங்கிவிட வேண்டும், அடியில் நிற்பவர் தலைமேல் வரக்கூடாது.

1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறையின்படி, கெட்டிப் பாறையில்கூட ஒரு படியின் உயரம் ஆறு மீட்டரைத் தாண்டக்கூடாது. முகப்பின் அடியைக் குடைந்து மேல்பகுதியைத் தொங்கவிடக்கூடாது. வெட்டின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குள் தளர்ந்த கல்லோ மண்குவியலோ மரமோ இருக்கக்கூடாது. தமிழ்நாட்டுக் கல்குவாரிகளுக்கு எழுதப்படும் சுரங்கத் திட்டங்களில் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்ற படி அளவு பரவலாகக் காணப்படும்.

படி ஏன் விடப்படுவதில்லை என்பதற்கு ஒரு கணக்கு போதும். நீளமும் அகலமும் 200 மீட்டர், அதாவது நான்கு ஹெக்டேர் குத்தகை என்று வைத்துக்கொள்வோம். எல்லையோரம் இருபக்கமும் 7.5 மீட்டர் விட வேண்டும். அதில் 15 மீட்டர் போனது. 90 மீட்டர், அதாவது ஏறக்குறைய 300 அடி ஆழம் போக ஐந்து மீட்டர் உயரத்தில் 18 படிகள் வேண்டும். நடுவில் வரும் 17 தட்டுகளுக்கு ஐந்து ஐந்து மீட்டராக ஒரு பக்கத்துக்கு 85 மீட்டர், இரு பக்கத்துக்கும் 170 மீட்டர். அடியில் மிஞ்சுவது 15 மீட்டர். ஒரு பொக்லைனும் ஒரு டிப்பரும் திரும்பக்கூட அந்த இடம் போதாது. அதைவிடச் சின்ன குத்தகையில் 300 அடி ஆழம் போயிருந்தால், படிகள் எங்கோ தின்னப்பட்டிருக்கின்றன என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கைக் குத்தகை எடுக்கும் நாளிலேயே போட வேண்டும். எத்தனை மீட்டரில் குழி முடிகிறது, அதற்குள் எத்தனை லோடு கல் கிடைக்கும் என்று தெரிந்து ஏலத்தொகையைச் சொன்னவருக்கு, பிறகு படியை அறுத்து நட்டத்தை ஈடுகட்டும் நெருக்கடி வராது. விபத்து நடந்த குவாரியில் பெரும்பாலும் மேஸ்திரியைத்தான் முதலில் கேள்வி கேட்கிறார்கள். செங்குத்துச் சுவருக்கான காரணம் அவருக்கு வெகு முன்பே காகிதத்தில் தொடங்கியிருக்கும்.

காலையில் மேலே ஏறிப் பார்ப்பது

பல குவாரிகளில் காலைச் சோதனை என்பது கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதோடு முடிகிறது. பார்க்க வேண்டியது மேலே, விளிம்புக்குப் பின்னால் இருக்கும் தரையை. சுவர் முன்னோக்கிச் சாயத் தொடங்கினால், விளிம்புக்கு இணையாகத் தரையில் நீளவாக்கில் விரிசல் விழும். முதலில் ஒரு கோடு போலத் தெரியும். புல்லோ மண்ணோ மூடியிருந்தால் அதுவும் தெரியாது.

அப்படி ஒன்று கண்ணில் பட்டால், வேலையை மேற்பார்க்கும் மைனிங் மேட் செய்ய வேண்டியது இது. விரிசலின் இருபுறமும் ஒவ்வோர் இரும்பு முளை அடித்து, இரண்டின் தலையிலும் ஒரு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுத வேண்டும். முளைக்குப் போகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, விளிம்பிலிருந்து தள்ளிப் பின்பக்கமாகத்தான் அணுக வேண்டும். காலையும் மாலையும் அளவெடுக்க வேண்டும். இடைவெளி கூடினால் அந்தச் சுவருக்கு அடியில் ஆளோ வண்டியோ இருக்கக்கூடாது. நேற்றைவிட இன்று வேகமாகக் கூடினால் குவாரியையே காலி செய்துவிட்டு, சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 1902இல் தொடங்கி, இப்போது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்த அமைப்புக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

மழைக்காலத்தில் அளவெடுப்பு இரட்டிப்பாக வேண்டும். விரிசலில் நிறையும் தண்ணீர் பாறையை உள்ளிருந்து வெளியே தள்ளும், பிளவில் உள்ள களிமண்ணை வழுக்கலாக்கும். மழை விட்டு வெயில் அடித்த மறுநாள் வேலை தொடங்கும் அவசரத்தில் பலரும் இதை மறக்கிறார்கள். குழியின் மேல்விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரை வேறு பக்கம் திருப்புவது, செலவோடு ஒப்பிட்டால் ஒரு குவாரி செய்யக்கூடிய மிக லாபகரமான பாதுகாப்பு வேலை.

சின்னக் கற்கள் காரணமில்லாமல் உதிர்வது, காய்ந்திருந்த சுவரில் புதிதாக நீர் கசிவது, நேற்று நேராக நின்ற வேலிக்கம்பம் சாய்ந்திருப்பது ஆகியவற்றையும் அதே நோட்டில் எழுத வேண்டும். வெடி வைத்த மறுநாள் காலையில் கடப்பாரையால் தளர்ந்த கல்லைத் தட்டி இறக்குவதும் இந்தச் சோதனையின் பகுதிதான். அதை மேலிருந்து கீழாகத்தான் செய்ய வேண்டும். தட்டுகிறவர் நிலையான பிடிமானத்தில் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டியிருக்க வேண்டும். அவருக்கு நேர்கீழே யாரும் நிற்கக்கூடாது.

இரவு வேலைக்கு எதிரான வலுவான வாதமும் இங்கேதான் இருக்கிறது. ஹாலோஜன் விளக்கு பொக்லைன் வாளியைக் காட்டும். எண்பது மீட்டர் உயரத்தில் உதிரும் கல்லைக் காட்டாது.

நிறுத்துகிறவர் யார்?

நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று மீத்தேன் வெடித்து 29 பேர் இறந்தார்கள். இரண்டு பேர் மட்டும் உயிரோடு வெளியே வந்தார்கள். காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். விபத்துக்கு முந்தைய 48 நாள் பதிவுகளை அரச விசாரணை ஆணையம் புரட்டிப் பார்த்தது. மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ஆனால் ஆபத்தான அளவில், இன்னும் 27 முறை. எழுதியவர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். அந்தக் காகிதத்தைப் படித்து வேலையை நிறுத்த வேண்டியவர்களின் கவனம், தாமதமாகிப்போன நிலக்கரி உற்பத்தியின்மேல் இருந்தது.

தமிழ்நாட்டுக் கல்குவாரியில் மீத்தேன் கிடையாது. நெருக்கடி மட்டும் அதேதான். டிப்பர் ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு, பொக்லைனுக்கு மணிக்கு இவ்வளவு, கிரஷருக்குத் தினம் இத்தனை லோடு. லோடு எண்ணுகிறவரே வேலையை நிறுத்தவும் வேண்டும் என்றால், அவர் நிறுத்தமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறுத்துகிறவரின் சம்பளம் லோடு கணக்கோடு சேராமல், மாதச் சம்பளமாக இருக்க வேண்டும். அவர் நிறுத்திய நேரத்துக்கு மற்றவர்களுக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே எழுதி ஒட்ட வேண்டும். அரை நாள் கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை, எத்தனை விதி படித்திருந்தாலும் ஒருவர் விரிசலை மறைத்துவிடுவார்.

தொழிலாளிக்குச் சட்டம் தரும் இடமும் உண்டு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளியிடமும், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்லலாம். முதலாளி உடனே சரிசெய்ய நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இந்தச் செய்தி ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து ஜாக்ஹாமர் பிடிப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். குவாரி வாசலில் தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்கு வெறும் தகரம். இந்தியிலும் ஒடியாவிலும் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக, "ஓடு" என்று சொல்ல ஒரே ஒரு ஒலியை எல்லாரும் பழகி வைத்திருக்க வேண்டும். அது எந்த மொழியாகவும் இருக்கலாம், விசிலாகவும் இருக்கலாம்.

எச்சரிக்கை எழுதியும் யாரும் நிறுத்தாத இன்னோர் ஆபத்தான கழிவுமண் குவியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966 அக்டோபர் 21 காலை வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுமலை ஒன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். ஊற்று ஓடும் நிலத்தின் மேல் அந்தக் குவியல் கொட்டப்பட்டிருந்தது. பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவது ஆபத்து என்று அதிகாரிகளே மூன்று ஆண்டுக்கு முன்பு கடிதம் எழுதியிருந்தார்கள். நீரோடும் இடத்திலும் வெட்டின் விளிம்பிலும் கழிவைக் கொட்டாமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

வெடி வைக்கும் நாள்

வெடி வைக்கும் வேலையைச் சான்றிதழ் பெற்ற பிளாஸ்டர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. "பத்து வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பது சான்றிதழ் ஆகாது. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் 2024 மே 1 அன்று குவாரிக்கான வெடிபொருள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அங்கே குழிக்குள் வெடி வைத்துக்கொண்டிருந்த நேரமல்ல அது. வெடிபொருளைச் சேமித்து வைக்கும் இடத்தில் நடந்தது. ஆகவே தோட்டாவும் டெட்டனேட்டரும் ஒரே வண்டியில், ஒரே அறையில் சேரக்கூடாது என்ற விதியை ஒரு நாளும் தளர்த்தக்கூடாது. இறக்கும் இடத்தில் தேவைக்கு மேல் ஓர் ஆள்கூட நிற்கக்கூடாது.

வெடிக்காகத் துளைத்த குழியில் தோட்டாவை இறக்க மரக்கோல்தான், இரும்புக் கம்பி கூடாது. மேலே அடைக்கும் மண் போதாமல் போனால் வெடியின் விசை வாய்வழியே பீறிட்டுக் கல்லை எறியும். பெருங்கல்லை உடைக்க அதன்மேல் ஒட்டவைத்து வெடிப்பது தொலைதூரம் கல் பறப்பதற்கு முக்கியக் காரணம். பாறை உடைக்கும் பிரேக்கர் இருக்கும்போது அந்த வேலைக்கு வெடி வேண்டாம். வானம் இருட்டி மின்னல் தெரிந்தால் குழி நிரப்புவதை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் விலகிவிட வேண்டும்.

சங்கு ஊதியபின் 500 மீட்டர் வட்டத்துக்குள் யாரும் இல்லை என்று எல்லாப் பக்கமும் காவல் நிற்பவர்கள் கொடி காட்டிய பிறகே வெடிக்க வேண்டும். குவாரிக்குள் ஆடு மேய்ப்பவர்களும் பக்கத்து வயலில் களை எடுப்பவர்களும் இந்த வட்டத்தில் சேர்த்தி. அவர்களுக்கு வெடி நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பழகும்.

வெடித்தபின் தூசியும் புகையும் அடங்கும்வரை காத்திருந்து, முதலில் பிளாஸ்டர் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். வெடித்த சத்தத்தை எண்ணி, வைத்த குழிகளோடு ஒப்பிடுவது பழைய பழக்கம். இப்போது பல குழிகள் சேர்ந்தாற்போல் வெடிப்பதால் காதை நம்ப முடியாது. ஒவ்வொரு குழியாகப் பார்க்க வேண்டும். வெடிக்காமல் போன குழியைத் தோண்டி எடுக்க முயல்வதும், முந்தைய வெடியில் மிஞ்சிய குழியின் அடியிலேயே ஜாக்ஹாமரை வைப்பதும் குவாரித் தொழிலாளர்களைத் தொடர்ந்து கொல்லும் இரண்டு செயல்கள். பழைய குழியில் துளைப்பது சுலபம், ஊசி நழுவாது. அந்தச் சுலபத்துக்குக் கீழே வெடிக்காத தோட்டாத் துண்டு இருக்கக்கூடும். பழைய குழியடிகளைச் சுண்ணாம்பால் வட்டமிட்டுவிட்டு, அவற்றிலிருந்து தள்ளிப் புதிய இடத்தில் மட்டும் துளைக்க வேண்டும்.

வண்டிகள்

குவாரிக்குள் ஓடும் சாலையின் குழிப்பக்கத்தில், பெரிய வண்டியின் சக்கரத்தில் பாதி உயரத்துக்காவது மண்கரை வேண்டும். ஏற்றம் 16 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது. பின்னோக்கி வரும் டிப்பருக்கு ஹாரனும், அதைப் பார்த்துச் சைகை காட்ட ஓர் ஆளும் வேண்டும். மதிய வெயிலில் வண்டியின் நிழலில் படுத்துத் தூங்குபவர்கள்மேல் டிப்பர் ஏறிவிடும் விபத்துகளைத் தடுக்க ஒரு கீற்றுக் கொட்டகை போதும்.

விழுந்தபின்

பாறை விழுந்தால் கூட வேலை செய்தவர்கள் உடனே ஓடிப்போய் கல்லைப் புரட்டுவார்கள். அது மனித இயல்பு. இரண்டாவது சரிவு அவர்கள்மேல் விழுகிறது. மேலே சுவரைப் பார்க்க ஒருவரை நிறுத்தி, அவர் விசில் அடித்தால் விலகுவது என்று ஏற்பாடு செய்த பிறகே இறங்க வேண்டும். எத்தனை பேரைத் தேடுகிறோம் என்பது தெரியாமல் மணிக்கணக்கு வீணாகும். அதனால் காலையில் உள்ளே போன ஒவ்வொருவர் பெயரும் வாசலில், குழிக்கு வெளியே, எழுதியிருக்க வேண்டும். உயிர்காக்கும் வேலைக்குத் தேவையானதைத் தவிர, ஆய்வாளர் வரும்வரை விபத்து நடந்த இடத்தைக் கலைக்கக்கூடாது.

தூசி

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் சத்தம் உண்டு. கல்குவாரியில் சத்தமில்லாமல் ஆளைக் கொல்வது கல்தூசி. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் ஜாக்ஹாமர் ஊசியிலும் கிரஷர் தாடையிலும் பொடியாகிக் காற்றில் மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூசி மூக்கிலேயே நின்றுவிடும். பத்து மைக்ரானுக்கும் குறைவான, கண்ணுக்கே தெரியாத துகள்தான் நுரையீரலின் கடைசி அறைவரை போய்த் தங்கித் தழும்பாகிறது. சிலிகோசிஸ் என்ற இந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. தூசியிலிருந்து விலகிய பிறகும் அது வளரும்.

இதைத் தமிழ்த் தொழிலாளர்கள் கோலார் தங்கவயலிலேயே அறிந்திருக்கிறார்கள். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிப் பாறை துளைத்தவர்கள் அவர்கள். 1940களில் அங்கே நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. எண்பது ஆண்டு கழிந்தும் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு உலர்துளை போடுபவரைச் சாலையோரக் குவாரிகளில் காண்பது, வருத்தத்தைவிடக் கோபத்தையே தருகிறது.

துண்டு அந்தத் துகளைத் தடுக்காது. மூக்கோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் ஓரளவு தடுக்கும், தாடி இருந்தால் அதுவும் ஒழுகும். உண்மையான தடுப்பு தண்ணீர். ஊசியின் வழியே நீர் பாயும் துளைக்கருவி தூசியைச் சேறாக்கிப் பிறந்த இடத்திலேயே அமுக்கிவிடும். கிரஷரில் கல் விழும் வாயிலும் கன்வேயர் முனையிலும் நீர்த்தூவியும் மூடியும் வேண்டும். தண்ணீர் பஞ்சம் என்பார்கள். மழைநீர் தேங்கிய பழைய குழிகள் பல குவாரிகளின் பக்கத்திலேயே இருக்கின்றன.

சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோயும் எளிதில் பிடிக்கும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதால், தொழில் என்னவென்று கேட்காத மருத்துவர் திரும்பத் திரும்பக் காசநோய் மாத்திரையே எழுதிக்கொண்டிருப்பார். "கல்குவாரியில் இத்தனை வருஷம் ஜாக்ஹாமர் பிடித்தேன்" என்று நோயாளியே முதலில் சொல்லிவிட வேண்டும். குவாரியில் வேலைக்குச் சேரும்போதும், பிறகு குறித்த காலத்துக்கு ஒருமுறையும் இலவசமாக மருத்துவச் சோதனை செய்வது முதலாளியின் கடமை. சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய், இழப்பீட்டுக்கு உரியதும்கூட.

நோய் வெளியே தெரிய பத்து, பதினைந்து ஆண்டு ஆகலாம். அதற்குள் அவர் நான்கைந்து குவாரி மாறியிருப்பார், சில குவாரிகள் மூடியிருக்கும், குத்தகை வேறொருவருக்குப் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு சோதனையின் எக்ஸ்ரே படமும் அறிக்கையும் தொழிலாளி கைக்குக் கொடுக்கப்பட வேண்டும், அலுவலக அலமாரியில் தங்கிவிடக்கூடாது. எந்த ஊர்க் குவாரி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, துளைபோடும் வேலையா கிரஷர் வேலையா, யார் மேஸ்திரி, கூட வேலை செய்தவர் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, சம்பளச் சீட்டுகளோடும் அடையாள அட்டையோடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வைத்திருக்க வேண்டும். அது இருக்கும் இடம் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். இழப்பீட்டு மனு போடும் நாளில் அவர் அதைத் தேடி எழுந்து நடக்கும் நிலையில் இல்லாமலும் போகலாம்.